தலை மூடும் வாரம்

வாய்மொழித் தேர்வுக்கு ஐம்பத்திரண்டாம் நம்பர் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை, சோலையப்பன் அறுபத்தேழு, நடுவில் பதினாலு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் எழுபது நிமிஷம், சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பது, ஆக அவன் அனாடமி மியூசியத்துக்குள் போய் அழகம்மை மேடத்தின் முன்னால் நிற்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், பதினொரு மணிக்குத்தான் ராஜபாளையத்தில் தங்கச்சி தங்கேசு அந்த மாத்திரையை விழுங்குவாள். அவன் கையில் மேடம் ஒரு களிமண் கருவைக் கொடுத்து இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார், அவன் சொல்லிக்கொண்டிருப்பான், அங்கே ஒரு டம்ளர் தண்ணீர். காலையில் ஆறரைக்கு மாப்பிள்ளை குருவையா போன் போட்டுச் சொன்னார். "மச்சான், பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆபரேசன்லாம் இல்லையாம், மாத்திரதானாம். நீங்க ஒண்ணும் மனசுல போட்டுக்காம பரிட்சையப் பாருங்க." மனசில் போட்டுக்கொள்ளாமல் எங்கே போடுவது. கலைத்துவிடு என்று அவன் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவன் வாயால் சொல்லவே இல்லை. தலை மூடுகிற வாரம் என்றுதான் சொன்னான். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது என்று சொன்னான். முடிவு உங்களுடையது என்றும் சொன்னான், ரொம்பப் பெருந்தன்மையாக, ஒரு டாக்டர் சொல்வதைப் போல. கருவியல் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆன டாக்டர். பெஞ்சு சில்லென்று இருந்தது. மியூசியக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஃபார்மலின் நெடி வந்து கண்ணைக் கரித்தது, அது ஒரு வகையில் சௌகரியமாகவும் இருந்தது, கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"மாமா, என்ன ஜெபம் பண்ணுறியளா?" என்றான் ஸ்டானி. ஸ்டானிஸ்லாஸ், அறுபத்தெட்டு, தூத்துக்குடிக் கடற்கரைப் பையன், பதினெட்டு வயசு. வகுப்பில் எல்லோருக்கும் சோலையப்பன் மாமாதான். முதல் நாள் அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது நூறு பிள்ளைகளும் எழுந்து நின்று குட் மார்னிங் சார் என்றார்கள், அவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வெடித்தது, அன்றைக்கு வைத்த பெயர். முப்பத்தாறு வயசில் முதல் வருஷம். "இல்லடா, வாரக் கணக்கு போட்டுப் பாக்கேன்" என்றான். "வாரமா? எனக்கு மூணு வாரத்துக்கு மேல எதுவும் நிக்காது மாமா. அதுக்கு மேல கேட்டா, மேடம், எங்க ஊர்ல பிள்ளைய ஆண்டவர் குடுத்தார், நான் கேள்வி கேக்கலன்னு சொல்லிருவேன்." அந்தப் பக்கம் அறுபத்தாறு, ஷாஜிதா பர்வீன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பேசாம இருக்கியா நீ? எனக்குள்ள இருக்கிறதும் உன் வாயால வெளிய போயிரும்" என்றாள். கதவோரம் ஸ்டூலில் பெத்தணன் உட்கார்ந்திருந்தார், அட்டெண்டர், மடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை, முதல் ஐம்பது பேருக்கு நேற்றே முடிந்துவிட்டது, கூடைக்குள் மீதி ஐம்பது செல்போன். எல்லாவற்றையும் அமர்த்தி வைத்திருக்கச் சொன்னாலும் எதிலாவது ஒன்று அதிரும், அப்போது கூடை முழுக்க அதிரும், பெத்தணன் கூடையைக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டுவார். அதற்குள்தான் எங்கேயோ அடியில் சோலையப்பனின் போன். தங்கேசு கூப்பிட்டால்? கூப்பிடமாட்டாள். அண்ணனுக்குப் பரிட்சை. அண்ணனுக்கு ஷிப்ட்டு, அண்ணன் தூங்குது, அண்ணன் படிக்குது என்று சின்ன வயசிலிருந்தே காலை மெத்தென்று வைத்து நடந்து பழகிய பிள்ளை. அவன் பகலில் தூங்குவான் என்பதால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் விளக்கக் கற்றுக்கொண்டவள்.

நாலு நாளைக்கு முன்னால் அவள்தான் கூப்பிட்டாள். பதிமூன்றாம் தேதி, சாயங்காலம், விடுதி மாடியில் அவன் துணி எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்கேன் பாத்தோம்ணே, ஆறு வாரம் ஒரு நாள்னு போட்டுருக்கு என்றாள். குரலில் சந்தோஷம் இருந்ததா? இப்போது யோசித்தால் தெரியவில்லை. அப்போது இருந்ததாகத்தான் எடுத்துக்கொண்டான், ஒரு கையில் ஈரச் சட்டையும் ஒரு கையில் போனுமாக வாயெல்லாம் பல்லாக நின்றான். அடுத்ததாக, அண்ணே, பொங்கல் கழிச்சு எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, நூத்திமூணு வரைக்கும் போச்சுல்ல, அது ஒண்ணும் செய்யாதுல்ல என்று கேட்டாள், சும்மா, உப்புப் போட்டியா என்று கேட்பதைப் போல. அவன் ஒண்ணும் செய்யாது என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எந்த அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பான். இரு, பாத்துச் சொல்றேன் என்றான். அந்த வார்த்தையில் ஒரு ருசி இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மூன்றாம் ஷிப்ட்டு, நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி முடிச்சுப் போட்ட விரல், அந்த விரலால் புத்தகத்தைப் புரட்டி, பாத்துச் சொல்றேன் என்று சொல்கிற ருசி. குடும்பத்தில் இப்போது எல்லோரும் அவனிடம்தான் கேட்கிறார்கள், சர்க்கரை எவ்வளவு இருக்கலாம், முட்டிவலிக்கு என்ன மாத்திரை, தெரியாது இன்னும் படிக்கலை என்று சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். இது படித்தது. இது அவனுக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து விரல் கணுக்களில் எண்ணினான். எப்ப தேதி என்று அவளிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கும்போது காது சூடாகிவிட்டது, புது வருசத்தன்னிக்கு, கோயிலுக்குப் போக முடியாமப் போச்சு என்றாள். ஒன்றாம் தேதி. காய்ச்சல் எப்போது? இருபத்திமூணு, இருபத்திநாலு, இருபத்தஞ்சு. ஒன்றிலிருந்து இருபத்திமூன்றுக்கு இருபத்திரண்டு நாள். நாலாவது வாரம். நாலாவது வாரத்தில்தான் முதுகுப் பக்கத்துத் தகடு இரண்டு ஓரமும் எழும்பி, மடங்கி, நடுவில் ஒன்றையொன்று தொட்டுக் குழாயாகிறது. நியூரல் டியூப். மேல் வாய் இருபத்தைந்தாம் நாள் மூடும், அது தலை. மூடாவிட்டால் தலை இல்லை. மூடாமல் போவதற்குப் புத்தகத்தில் போட்டிருந்த காரணங்களில் ஒன்று அதிகச் சூடு. அந்த வரியை அவன் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான், வேறு யாருடைய பிள்ளைக்கோ என்று நினைத்துப் போட்ட கோடு.

ஐம்பத்துமூன்று போய்விட்டது, ஐம்பத்துநாலும் போய்விட்டது, மேடம் இப்போது வேகம். மியூசியத்தில் இடது பக்கம் மூன்றாவது அலமாரியில், மேல் தட்டில், பதினாலாம் நம்பர் ஜாடி. அவன் அதை முதலில் தவளை என்றுதான் நினைத்தான். புருவத்தோடு முடிந்துபோன முகம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அலட்சியமாக மூடாமல் விட்ட டப்பாவைப் போல. கண் மட்டும் பெரிசாக, பிதுங்கி, மேலே பார்த்துக்கொண்டு. கை விரல்கள் கச்சிதமாக இருந்தன, நகம் கூட இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை, நகம் வரைக்கும் செய்துவிட்டு தலையை விட்டுவிட்டார்களே. அதைப் பார்த்த அன்றைக்கு மெஸ்ஸில் ஸ்டானியே சாப்பிடவில்லை. தங்கேசு திரும்பக் கூப்பிட்டபோது அவன் கண்ணுக்கு முன்னால் அந்த ஜாடிதான் நின்றது, அதன் மேல் தங்கேசுவின் மூக்கு, அவள் மூத்த பிள்ளை நிவேதாவின் காது. அவன் சொன்னான். நாலாவது வாரம் என்றான், தலை மூடும் வாரம் என்றான், காய்ச்சல் சூடு என்றான், நிச்சயமாக இல்லை, ஆனால் என்றான், அந்த ஆனாலுக்குப் பிறகு நிறைய ஆங்கில வார்த்தைகள். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப எனக்கு நாளே தள்ளலையேண்ணே?" அவன் சொன்னான், அதெல்லாம் கணக்கு இல்ல தங்கேசு. சட்டென்று சொன்னான். ஏன் அவ்வளவு சட்டென்று? இதுதான் நாலு நாளாக நெஞ்சில் நெல்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எச்சில் விழுங்கினால் இறங்கவும் மாட்டேன் என்கிறது, காறினால் வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. நாளே தள்ளலையே. அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் யோசிக்கவே இல்லை, அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. அம்மா போனபோது அவளுக்குப் பதினொன்று, அவனுக்குப் பத்தொன்பது. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா வந்து, தம்பி, ஒன் தங்கச்சி பெரியவளாயிட்டா, கடையில கேட்டு வாங்கிட்டு வந்துரு என்றபோது எதை என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைக்காரன் பேப்பரில் சுற்றிக் கருப்புப் பையில் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் கல்யாணம் வரைக்கும் மாதா மாதம் ஒரு கருப்புப் பை, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பான், அது மறுநாள் அங்கே இருக்காது. ஒரு வார்த்தை இல்லை. எட்டு ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை இல்லாமலே நடந்த ஏற்பாடு. அதனால்தான் நாலு நாளைக்கு முன்னால் அவள் வாய்விட்டு நாள் தள்ளலையே என்றதும் அவன் காதைப் பொத்திக்கொண்டான், கையால் அல்ல, புத்தகத்தால்.

கடிகாரம் பத்து பதினெட்டு. இந்நேரம் கிளம்பியிருப்பார்கள். மாப்பிள்ளை தன் லோடு ஆட்டோவில் கூட்டிப் போகமாட்டார், குலுங்கும் என்று பஸ்ஸில்தான் போவார், கலைக்கப் போகிற வயிற்றுக்குக் குலுக்கல் ஆகாது என்று. அப்படிப்பட்ட மனுஷன். டாக்டரம்மாவிடம் காய்ச்சலைப் பற்றிச் சொன்னீங்களா மாப்ளே என்று காலையில் கேட்டதற்கு, "இல்ல மச்சான், அவங்க ஏன் வேண்டாங்கிறீங்கன்னாங்க, ஒரு புள்ள இருக்கு, இப்பத்தைக்கு வேண்டாம்னு சொல்லிட்டோம். நீங்க சொன்னத அவங்ககிட்ட சொன்னா, எந்த டாக்டர் சொன்னாருன்னு கேப்பாங்கள்ல" என்றார். அது சரிதான். எந்த டாக்டர். அறுபத்தேழாம் நம்பர் டாக்டர். அவன் எழுந்து நடந்தான், தண்ணீர்க் குழாய் வரை போய் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஷாஜிதா இப்போது கொஞ்சம் சத்தமாகவே ஒப்பித்தாள், பயம் அதிகமானால் அவளுக்குச் சத்தம் வந்துவிடும். "முதல் நாள் கரு, மூணாம் நாள் பதினாறு செல்லு, ஆறாம் நாள் ஒட்டும், எட்டாம் நாள் ரெண்டு அடுக்கு, ஒம்பதாம் நாள் குழி குழியா, பன்னெண்டாம் நாள் அம்மா ரத்தம் உள்ள வரும், பதினாலாம் நாள்..." நின்றாள். "பதினாலாம் நாள் என்ன?" என்றான் ஸ்டானி. "பதினாலாம் நாள் ஒண்ணுமில்ல. அன்னைக்கோ மறுநாளோதான் அம்மாவுக்கே டவுட்டு வரும், பீரியட்ஸ் வரலையேன்னு. அதுவரைக்கும் உள்ள இப்படி ஒருத்தர் குடியிருக்காருன்னு அவங்களுக்கே தெரியாது." "வாடகை குடுக்காம ரெண்டு வாரமா? எங்க ஹாஸ்டல் சீனியர் மாதிரில்ல இருக்கு" என்றான் ஸ்டானி. ஷாஜிதா சிரித்து, சிரித்ததற்காக அவன் தோளில் நோட்டால் அடித்தாள். சோலையப்பனும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பதினாலாம் நாள் நாள் தள்ளும். பதினாலாம் நாள். அப்படியானால் இருபத்திரண்டாம் நாள் நாள் தள்ளிப் போய் ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும். தங்கேசுவுக்குக் காய்ச்சல் வந்தபோது நாள் தள்ளவே இல்லை. தள்ளுவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவன் விரலைப் பிரித்தான், மடக்கினான், மறுபடி பிரித்தான். ஒன்றாம் தேதி. ஒன்றாம் தேதி என்ன நடந்தது? ஒன்றாம் தேதி ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றாம் தேதி உள்ளே யாரும் இல்லை. வீட்டைக் கழுவிவிட்ட நாள் அது. குடி வந்தது பதினைந்தாம் தேதி வாக்கில், மாட்டுப் பொங்கலுக்கு. பதினைந்திலிருந்து இருபத்திமூன்றுக்கு எட்டு நாள். எட்டாம் நாள், இரண்டே அடுக்கு. தலை ஏது, கால் ஏது, முதுகு ஏது, மூடுவதற்கு வாய் ஏது? கடுகில் பாதி கூட இல்லாத ஒரு தட்டு. அந்த இரண்டு வாரத்தில் ஏதாவது ஆனால் கரு மொத்தமாகப் போய்விடும், இல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது, அதையும் படித்திருக்கிறான், அதற்கும் கோடு போட்டிருக்கிறான். போகவில்லையே, நெஞ்சு துடிக்கிறது என்றுதானே ஸ்கேனில் சொன்னார்கள். ஆனால் ஸ்கேனில் ஆறு வாரம் ஒரு நாள் என்று போட்டிருக்கிறதே, ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணினால்தானே ஆறு வாரம் ஒரு நாள் வரும், மெஷின் தப்பா எண்ணும்? இங்கே மறுபடி சிக்கிக்கொண்டது. ஒருவேளை அவர்கள் எண்ணுவது ஒரு மாதிரி, புத்தகம் எண்ணுவது ஒரு மாதிரியா? அப்படி ஒன்று இருந்தால் அதை எங்காவது சொல்லியிருக்க வேண்டுமே. எங்கே சொல்லியிருப்பார்கள்? முதல் வகுப்பில். முதல் வகுப்பு மத்தியானம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டு வருஷம் பகலில் தூங்கிய உடம்பு அது, மத்தியானச் சோறு இறங்கியதும் கண் தானாகச் சொருகும், மேடம் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டது ஞாபகம் இருக்கிறது, ஒன்று நீளம், ஒன்று குட்டை, அப்புறம் ஸ்டானி விலாவில் இடித்தது ஞாபகம் இருக்கிறது. தூங்கினால் என்ன, புத்தகம் இருக்கிறதே என்று நினைத்தான். புத்தகத்தில் முன்பக்கங்களை அவன் படிப்பதே இல்லை. மில்லில் எண்ணெய் ரூமில் உட்கார்ந்து தனக்குத்தானே படித்த காலத்துப் பழக்கம், முன்னுரை, அறிமுகம், இந்நூலைப் பயன்படுத்தும் முறை, இதெல்லாம் வாத்தியார் வைத்துப் படிக்கிறவர்களுக்கான வெட்டிப்பேச்சு, நமக்கு அரை மணி நேரம் ஓய்வு, விஷயம் எங்கே தொடங்குகிறதோ அங்கே பிரி. அப்படித்தான் பிரித்தான். கரு உண்டாகிற இடத்தில். அதற்கு முன்னால் எண்ணுகிற முறையைச் சொல்லியிருந்தார்களோ என்னவோ, அந்தப் பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதுசாக இருக்கின்றன.

பத்து முப்பத்தொன்று. அறுபது உள்ளே. அப்போது அந்த எண்ணம் வந்தது, கூப்பிடாமலே, தெரிந்த ஆள் மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சும்மா இரு. உனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்னும் அரை மணி நேரம், எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. தங்கேசு ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள், எங்கண்ணன் மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா நான் ஒரு தலையில்லாப் பிள்ளையைப் பெத்திருப்பேன் என்று. குருவையா ஊரெல்லாம் சொல்வார். பாத்துச் சொன்ன அண்ணன். இப்போது போன் போட்டால்? தப்பா எண்ணிட்டேன் தங்கேசு. எட்டாம் கிளாஸ் படித்தவன் கூட எண்ணுகிற கணக்கு. அப்புறம் யார் அவனிடம் எதைக் கேட்பார்கள், மூன்று தடவை நீட் எழுதி, ஊர் முழுக்கச் சிரித்து, இந்த வயசில் உனக்கு எதுக்குடா என்று மேஸ்திரி கேட்டு, எல்லாவற்றையும் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிற இந்த பெஞ்சு. மாத்திரைதானே. ஆபரேசன் கூட இல்லை. இன்னொன்று பெற்றுக்கொள்வாள், அவளுக்கு இருபத்தெட்டுதானே ஆகிறது. அவன் அந்த எண்ணத்தைத் துரத்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுபத்தொன்று போயிற்று, அறுபத்திரண்டு போயிற்று, அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், இதமாகக்கூட இருந்தது. பிற்பாடு பல வருஷம் அவனைத் தூங்கவிடாமல் செய்யப்போவது எண்ணிக்கை தப்பியது அல்ல, அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் போய்விட்டு வருகிற நேரம் வரைக்கும் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான் என்பதுதான். அப்புறம் கூடை அதிர்ந்தது. பெத்தணன் தட்டினார். அதிர்ந்தது யாருடைய போனோ. சோலையப்பன் எழுந்துவிட்டான்.

"அண்ணாச்சி, என் போனக் குடுங்க." "எதுக்கு? வைவா முடிஞ்சு வாங்கிக்கிடுங்க." "அவசரம் அண்ணாச்சி, வீட்ல." "எல்லாருக்கும் வீட்லதான் அவசரம். காலைலருந்து மூணு பேருக்குத் தாத்தா சீரியஸ். வயசான மனுசன், நீங்களுமா?" அவன் பெத்தணனோடு மல்லுக்கு நிற்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஃபார்மலின் முகத்தில் அறைந்தது. அறுபத்துமூன்று ஒரு மாடலைக் கையில் வைத்துக்கொண்டு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தை மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள். அழகம்மை மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க நம்பர் வந்திருச்சா?" "இல்ல மேடம். ஒரு சந்தேகம் கேக்கணும்." "வைவா நடுவுலயா?" "ஸ்கேன் ரிப்போர்ட்ல ஆறு வாரம்னு போட்டிருந்தா, அது எதுலருந்து எண்ணுறது மேடம்?" மேடம் பேனாவை வைத்தார். அவன் குரல் ஏதோ செய்திருக்க வேண்டும். "கடைசியா பீரியட்ஸ் வந்த நாள்லருந்து. நாம எண்ணுறது கரு உண்டான நாள்லருந்து. ரெண்டு வாரம் கழிக்கணும். முதல் கிளாஸ்லயே கோடு போட்டுக் காட்டினேனே சோலையப்பன்." "தூங்கிட்டேன் மேடம்." அறுபத்துமூன்று சிரிக்க வாயெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவன் சொன்னான், தங்கச்சி, காய்ச்சல், நாலாவது வாரம், பதினொரு மணிக்கு மாத்திரை, நாலே வார்த்தை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "காய்ச்சல் வந்துச்சுங்கிறதுக்காக மட்டும் யாரும் கலைக்கச் சொல்ல மாட்டாங்கய்யா, எந்த வாரமா இருந்தாலும்." எழுந்து கதவு வரை வந்தார். "பெத்தணன், இவர் போனக் குடுங்க. சோலையப்பன், ஒண்ணு. நல்லா இருக்கும்னும் நீங்க சொல்லக் கூடாது. அங்க இருக்கிற டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க. நீங்க இன்னும் டாக்டர் இல்ல."

கூடையில் கையை விட்டுத் துழாவினான், எல்லாம் ஒரே கருப்பு, ஒரே வழவழப்பு, பெத்தணனும் சேர்ந்து துழாவினார், இதா இதா என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார், ஸ்டானி வந்து கூடையை வாங்கித் தரையில் கொட்டினான். மணி பத்து நாற்பத்தாறு. குருவையா எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. தங்கேசு. மணி அடித்தது, அடித்தது, எல்லா மணியும் அடித்து முடியப்போகிற நேரத்தில் எடுத்தாள்.

"என்னண்ணே, பரிட்சை முடிஞ்சிருச்சா?"

"மாத்திரை போட்டியா?"

"இன்னும் இல்ல. வெளியதான் உக்காந்திருக்கேன். அவரு டீ குடிக்கப் போயிருக்காரு, போன என்கிட்ட குடுத்துட்டு. ரெண்டும் மாத்தி மாத்தி அடிக்கவும் பயந்துட்டேன். என்னண்ணே?"

"தப்பா எண்ணிட்டேன் தங்கேசு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள், டோக்கன் நம்பர் ஒன்றைக் கூப்பிட்டார்கள். அவன் சொல்லிக்கொண்டே போனான், ரெண்டு வாரம் கழிக்கணும், நான் கழிக்கல, நீ நாள் தள்ளலைன்னு சொன்னேல்ல, நீ சொன்னதுதான் கணக்கு, அப்ப தலையே கிடையாது, அதாவது தலை வர்ற காலமே இல்ல, நான் புத்தகத்துல முன்பக்கம் படிக்கல. எப்போதும் போல அவள் முடியும்வரை கேட்டாள்.

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

ஒண்ணும் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. "அத நான் சொல்லக் கூடாது தங்கேசு. டாக்டரம்மாட்ட கேளு. காய்ச்சல் வந்ததச் சொல்லிக் கேளு."

அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. "அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே? நீ நாலாவது வாரம்னு சொன்னப்ப எனக்கு ஒரு மூலையில நிம்மதியா இருந்துச்சு. இப்பதான் தையல் கம்பெனியில சூப்பர்வைசரா போட்டுருக்காங்க. மறுபடியும் மொதல்லருந்தான்னு இருந்துச்சு. அத எப்படி வாயால சொல்றது? நீ சொல்லவும், சரி, அண்ணனே சொல்லிருச்சு, நம்ம மேல ஒண்ணும் இல்லன்னு தோணுச்சு." மூச்சு விட்டாள். "இப்ப அதுவும் இல்ல. இப்ப நான்தான் சொல்லணும்."

புத்தகத்தில் எந்த வாரத்திலும் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. இத்தனை வருஷம் அவள் காலை மெத்தென்று வைத்து நடந்ததை அவன் தூக்கம் கெடாமல் இருக்க என்றுதான் நினைத்திருந்தான். "தங்கேசு" என்றான்.

"கூப்பிடுறாங்கண்ணே. நீ போய்ப் பரிட்சையப் பாரு. போட்டதையே போட்டு யோசிச்சுக்கிட்டு நிக்காத."

அவள் போனை அணைக்கவில்லை. அணைத்ததாக நினைத்துப் பையில் போட்டிருக்க வேண்டும், ஜிப் இழுக்கிற சத்தம், சாவி ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், அப்புறம் எல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் மங்கலாக, செருப்புகள், ஒரு கதவு. அவன் ஹலோ என்று சொல்லவில்லை. இந்தப் பக்கம் அறுபத்துநாலும் அறுபத்தைந்தும் போன வேகத்தில் திரும்பியிருந்தார்கள், இப்போது மியூசியக் கதவு திறந்து ஷாஜிதா வெளியே வந்து இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள், பெத்தணன் அறுபத்தேழு என்று கத்தினார், ஸ்டானி அவன் முழங்கையைப் பிடித்து மாமா, மாமா என்றான். அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தினான். நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்தது. வயசான பெண் குரல் ஒன்று ஏதோ கேட்டது, என்ன என்று புரியவில்லை. பின்பு தங்கேசுவின் குரல், அவன் அதுவரை கேட்டிராத உரத்த குரல், அறைக்குள் யாரும் தூங்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவளின் குரல்:

"மாத்திரை இருக்கட்டும் டாக்டர். மொதல்ல நான் கொஞ்சம் பேசணும்."

"அறுபத்தேழு!" என்றார் பெத்தணன் இரண்டாம் தடவை.